பால் என்ற கட்டம்

மனனாரா போகும் செம்மண் சாலையில்
கிராம்பு காயும் பாய்கள் முடிகிற இடத்தில்
ஒரு மூங்கில் கழி.
கழியில் தலைகீழாக அது.

வழிப்போக்கர்கள் பார்த்துப் பார்த்துத்
தீங்கைக் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சுமந்துபோகட்டும் என்று
கட்டியிருக்கிறார்கள்.
நேற்றிரவு ஊரைச் சுட்டியதாம்,
குச்சிபோன்ற அந்த நடுவிரலால்.

அதன் பெயர் ஐ-ஐ.
நம் காதில் விழும்போது
பாதி ஐயையோ.

நொரோசோவா ஜீப்பை நிறுத்தச் சொன்னாள்.
பெமானா நிறுத்தினான், இறங்கவில்லை.
கண்ணாடியைக் கூட ஏற்றிவிட்டான்.

"எடுத்துக்கிட்டுப் போ" என்றார் வெலோன்ஜாரா,
கிராம்பு மணக்கும் கையை வேட்டியில் துடைத்தபடி.
"முழுசா எடுத்துக்க.
பாதிய இங்க விட்டுட்டுப் போயிடாத."

ஜீப்பின் பின்கதவுதான் மேசை.
தராசு, நூல்பந்து, படிவம், பென்சில்.

முதன்முதலில் பெயரிட்டவர்கள்
இதை அணில் என்றார்கள்.
குற்றம் சொல்ல முடியாது.
வால் அணில்தான்.
வெட்டுப்பல் எலி, தேயத் தேய வளரும்.
காது வௌவாலிடம் வாங்கிய கடன்.
விரல் பார்த்ததோ மரங்கொத்தியின் வேலை,
மரங்கொத்தியே இல்லாத தீவில்.
கூறு போட்டு
நான்கு குடும்பத்துக்குப் பங்கு வைத்துவிடலாம்.

எந்தப் பங்கிலும் சேராமல் மீந்தது
காலின் பெருவிரல்.
மற்றதில் எல்லாம் கொக்கி நகம்.
இதில் மட்டும்
அவல்போல ஒரு தட்டை நகம்.

எழுதுவதற்காக நொரோசோவா கையுறையைக் கழற்றினாள்.
தங்கை கல்யாணத்துக்குப் பூசிய சிவப்பு
பாதி உதிர்ந்திருந்தது.
தன் நகத்தைப் பார்த்தாள், அதைப் பார்த்தாள்.
வரிசை: முதனி, என்று எழுதினாள்.

நெருக்கியடித்து உட்காரும் பெஞ்சு அது.
கொரில்லா, மந்தி, தேவாங்கு,
பெமானா, நீங்கள், நான்.
ஈர மூக்குக்காரர்கள் ஒரு பக்கம்,
வறண்ட மூக்குக்காரர்கள் மறு பக்கம்.
ஜலதோஷம் பிடித்தாலும்
நாம் வறண்ட பக்கம்தான்.

அடுத்த கட்டம்: பால்.

அவள் படிவத்தில் அது ஏதோ பிரெஞ்சுச் சொல்.
தமிழில் எழுதுகிற எனக்குத்தான்
இங்கே கை தடுக்குகிறது.
ஆண்பால், பெண்பால் எல்லாம் உயர்திணைக்கு.
கழியில் தொங்கியதற்கு ஒன்றன்பால்.
எங்கள் இலக்கணத்தின் அலமாரியில்
இரண்டே இழுப்பறை.
கீழ் இழுப்பறையில்தான்
இவ்வளவு நேரமும் அதை வைத்திருந்தேன்.

நொரோசோவா தொடையிடுக்கில் மயிரை விலக்கினாள்.
இந்தப் பிராணிக்கு முலை அங்கேதான்,
இரண்டே இரண்டு.
அழுத்தவில்லை. தொட்டதுதான்.

ஒரு சொட்டு.
வெள்ளை.

பென்சில் நின்றுவிட்டது.
பெமானா அப்போதுதான் கதவைத் திறந்தான்.
"குட்டி எங்க?"

வெலோன்ஜாரா பதில் சொல்லவில்லை.
தோப்புக்கு அப்பால் ஒரு மரத்தைப் பார்த்தார்,
பிறகு
பார்க்காதவர்போல பாயில் கிராம்பைத் துழாவினார்.

அந்தி. மரத்தடியில் மூன்று பேர்.
உச்சிக் கவட்டையில்
பந்துபோல ஒரு இலைக்கூடு.
நொரோசோவா நடுவிரலை மடக்கிப்
பட்டையைத் தட்டினாள்.
டொக் டொக்.
காதை வைத்துக் கேட்டாள்.
மறுபடி தட்டினாள்.
மேலே எதுவோ அசைந்தது.
காற்றாகவும் இருக்கலாம்.

ஜீப்பில்
ஈரத்துணிக்கு அடியில் அவள் கிடந்தாள்.
கட்டம் இன்னும் காலி.

"என்னைச் சுட்டிச்சுன்னா?" என்றார் வெலோன்ஜாரா,
யாரையும் பார்க்காமல்.
அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

கொஞ்ச நேரம் நின்றார்.
செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.
கால் பெருவிரல் அகன்று
பட்டையைக் கவ்வியது.